பொங்கல் சீருக்குப் புது ஸ்க்ரூ

என் அண்ணனுக்கு மரியாதை கொடுத்து எழுதலாம்தான். என்னைவிடப் பெரியவன், அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவன், சொந்தக்காரர்கள் எழுந்து நின்று பேசுகிற ஆள். ஆனால் நேரிலேயே 'நீ, வா, போ' என்று பேசிப் பழகிய வாய் எனக்கு. எழுத்தில் மட்டும் 'அவர்' என்று போட்டால் அது பொய்யாகிவிடும். இதில் பொய் கலக்கத் தேவையே இல்லை. எல்லாம் போதுமான அளவுக்குக் கேவலமாகத்தான் நடந்தது.

அண்ணன் இருப்பது மாமல்லபுரத்தில், ஊரைத் தாண்டி, கடலைப் பார்த்த இரண்டாவது மாடி. நானும் அம்மாவும் கருங்குழியில், ஜிஎஸ்டி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, வயலை ஒட்டிய வீட்டில் இருந்தோம். கல்யாணமான கொஞ்ச காலத்திலேயே நான் புருஷன் வீட்டை விட்டு வந்துவிட்டேன். ஏன் வந்தேன் என்பதை எழுதினால் அந்த ஆளுக்குத் தேவையில்லாத பெருமை சேரும், அதனால் விடுகிறேன். அப்பா செத்ததும் வீடு அண்ணன் பேருக்கு மாறியது. அம்மா அதில் இருந்தது உரிமையில், நான் இருந்தது இரக்கத்தில். இதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை என்று எழுத ஆசைதான். சொன்னார்கள். ஊருக்கு வந்திருந்தபோது, பக்கத்து அறையில் நான் இருப்பது தெரிந்தே, அண்ணி போனில் தன் அக்காவிடம், "அந்த வாழாவெட்டிக்கு ஒரு ரூம் சும்மா போவுதுக்கா" என்றாள்.

அந்த ரூமில்தான் என் கம்ப்யூட்டர் இருந்தது. வீடு கட்டுகிறவர்களுக்கு முகப்பு வரைந்து கொடுப்பது என் பிழைப்பு. மேஸ்திரி பிளானைப் படம் பிடித்து அனுப்புவார். நான் அதைக் கம்ப்யூட்டரில் எழுப்பி, பெயிண்ட் அடித்து, வாசலில் ஒரு காரை நிறுத்தி, கட்டி முடித்த வீட்டைப் போட்டோ எடுத்த மாதிரி அனுப்புவேன். மதுராந்தகத்திலிருந்து செங்கல்பட்டு வரைக்கும், தூணில் சிங்கமுகமும் வேண்டும் கண்ணாடிக் கைப்பிடியும் வேண்டும் என்று கேட்கிறவர்கள் எல்லாம் என் தலையில்தான் விடிவார்கள். அசிங்கமாக இருக்கும் என்று சொல்லிப் பார்ப்பேன். கேட்கமாட்டார்கள். அசிங்கமாகவே வரைந்து கொடுப்பேன். எனக்கென்ன, அதில் குடியிருக்கப் போவது அவர்கள்தானே.

மெஷின் பழசு. படத்துக்கு வெயில், நிழல், பளபளப்பு எல்லாம் சேர்த்து நிஜம் போல ஆக்குவதற்கு ரெண்டர் என்று பெயர். அதைப் போட்டுவிட்டு நான் அரிசி களைந்து உலை வைத்து, சோறு வடித்து, குழம்பையும் இறக்கிவிட்டு வந்து பார்த்தால் பாதி வீடுதான் தெரியும். தினமும் ஒரு அறிவிப்பு வேறு வரும், உங்கள் கம்ப்யூட்டர் புதிய பதிப்புக்குத் தகுதியற்றது என்று. எனக்குத் தகுதியில்லை என்று சொல்ல வீட்டிலேயே ஆட்கள் இருந்தார்கள், கூட இதுவும் சேர்ந்துகொண்டது.

கரண்ட் இன்னொரு தொல்லை. வீட்டுக்குப் பின்னால் வரிசையாகப் பம்பு செட்டுகள். அண்ணன் வேலைக்குப் போய் வெளியூரில் குடியேறிய பிறகு வந்தவை. அவற்றுக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரே டிரான்ஸ்ஃபார்மர். மோட்டார்கள் ஓடும்போது ஃபேன் நகரவே யோசிக்கும். எல்லா மோட்டாரும் ஒன்றாக நின்றால் கரண்ட் எகிறி, டியூப் லைட் பட்டென்று போகும். அதனால் என் முதல் சம்பாத்தியத்தில் ஒரு கனத்த ஸ்டெபிலைசர் வாங்கினேன். மேஜைக்குக் கீழே சாக்கு போர்த்திக் கிடக்கும். அம்மா துவைத்த துணியை அதன்மேல்தான் மடித்து வைப்பாள். அது என்ன சாமான் என்று அந்த வீட்டில் ஒருத்தரும் கேட்டதில்லை.

இனி அண்ணனின் கம்ப்யூட்டருக்கு வருகிறேன். அதில் அவன் செய்தது இரண்டே காரியம். ஞாயிற்றுக்கிழமைகளில் துப்பாக்கிச் சண்டை ஆடுவான். மற்ற நாட்களில், அடுத்து வரப்போகிற கம்ப்யூட்டரைப் பற்றி வீடியோ பார்ப்பான். என் மெஷினோடு ஒப்பிட்டால் அது ராஜா. நான் பாதி நாள் உட்கார்ந்து போடுகிற ரெண்டரை அது நான் ஒரு டீ குடிப்பதற்குள் போட்டுவிடும். ஒரு தடவை அவன் வீட்டில் போட்டுப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அவன் சொன்னான், "நான் புச்சு வாங்குனா இது உனுக்குத்தான்."

அந்த ஒரு வார்த்தையில் என்னை இரண்டு வருடம் கட்டிப்போட்டான். அவன் புதுசு வாங்கினால்தான் எனக்குப் பழசு. அதனால் அவனுக்கு வரப்போகிற கிராஃபிக்ஸ் கார்டு எனக்கும் வரப்போகிற கிராஃபிக்ஸ் கார்டு ஆயிற்று. மழை வருமா என்று பார்க்கிறவர்கள் மாதிரி நானும் அந்த வீடியோக்களைப் பார்க்க ஆரம்பித்தேன். எந்த மாதம் வருகிறது, என்ன விலை, எவ்வளவு வேகம் என்று யாரோ எங்கேயோ கசியவிட்டதை எல்லாம் உட்கார்ந்து கேட்டேன். வரும் வரைக்கும் அது அமிர்தம். வந்ததும் அண்ணனுக்கு அதில் ஆயிரம் குறை.

"இப்ப வாங்கறவன் கேனையன். தீபாவளிக்கு அடுத்த சீரிஸ் வருது" என்பான். தீபாவளி வரும். "வந்துச்சி, ஆனா மெமரிய கம்மியா குட்து ஏமாத்தறானுங்க. இதுக்கு மேல ஒண்ணு வருதாம், பாக்கலாம்." அதுவும் வரும். "அதுல கரண்ட் குத்தற எடம் உருகுதாம், ஓணாம்." அப்புறம் கார்டு பெட்டிக்குள் நுழையாது என்பான். பெட்டியை மாற்றினால் பவர் சப்ளையை மாற்ற வேண்டும், பவர் சப்ளையை மாற்றுகிறவன் போர்டையும் மாற்றாமல் இருப்பானா என்பான். பெண் பார்க்கப் போன இடத்தில் சொஜ்ஜியைத் தின்றுவிட்டு, வீட்டுக்கு வந்து பெண்ணின் மூக்கைக் குறை சொல்கிற ஆளைப் பார்த்திருக்கிறேன். இவனும் அந்த ரகம்தான். காத்திருந்தவன் பெண்டாட்டியை நேற்று வந்தவன் கொண்டுபோனான் என்பார்கள். இங்கே காத்திருந்தவன் அவன், வெந்துகொண்டிருந்தது நான்.

நீயே ஒன்று வாங்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். முயற்சி செய்யாமல் இல்லை. அம்மா விடவில்லை. "அண்ணன் தரேன்னு சொல்லிகினு கீறான். நீ பாட்டுக்கு வெளிய போயி வாங்குனா அவன் மூஞ்சியில கரிய பூசுன மாதிரி ஆவாதா?" என்றாள். அவன் வீட்டில் இருந்துகொண்டு அவன் முகத்தில் கரி பூச முடியாது. அப்படியும் ஒரு தடவை துணிந்து கிளம்பினேன். அதற்குள் ரேம் விலை தங்கம் மாதிரி ஏறிவிட்டது. உலகத்து மெமரியை எல்லாம் ஏ.ஐ. கம்பெனிகள் வாரிக்கொண்டு போவதாகக் கடைகளில் சொன்னார்கள். கேள்வி கேட்டால் பதில் எழுதுகிற ஏதோ ஒன்றுக்காக, கருங்குழியில் நான் வீடு வரைய முடியாமல் போனது. அண்ணனுக்கு ஒரே சந்தோஷம். "நான் அப்பவே சொன்னேன் இல்ல? பொறுத்துக்கோ" என்றான்.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு வாழ்க்கையிலேயே உருப்படியாக ஒரு வாய்ப்பு வந்தது. ஓ.எம்.ஆரில் பங்களாக்கள் கட்டிக்கொடுக்கிற ஒரு அலுவலகம். என் படங்களை யாரோ காட்டியிருக்கிறார்கள். அங்கே பொறுப்பில் இருந்த ஒரு பெண்மணி போனில் பேசினார். முட்டுக்காட்டுக் கழிமுகத்தை ஒட்டி ஒரு பங்களா. வாசலில் நுழைந்து, மாடி ஏறி, பால்கனியில் நின்று தண்ணீரைப் பார்க்கிற வரைக்கும் நடந்து போகிற மாதிரி ஒரு வீடியோ வேண்டும். தை மாதத்துக்குள் செய்து கொடுத்தால், வீட்டிலிருந்தபடியே மாதச் சம்பளத்துக்கு வேலை. அந்தச் சம்பளத்தைக் கேட்டதும் எனக்கு முதலில் தோன்றியது செங்கல்பட்டில் ஒரு சின்ன வீடு. வாடகைக்குத்தான். ஆனால் அதில் யாரும் யாருக்கும் எந்த ரூமும் சும்மா கொடுத்திருக்கமாட்டார்கள்.

என் மெஷினில் அவர்கள் அனுப்பிய ஃபைல் திறக்கவே இல்லை. பொங்கலுக்குள் நல்ல மெஷின் வந்துவிடும், வந்ததும் முடித்துத் தருகிறேன் என்று அந்த அம்மாவிடம் வாக்குக் கொடுத்தேன். அண்ணனிடமும் போய் நின்றேன். இவ்வளவு சம்பளம், இந்த வேலை, உன் மெஷின் இருந்தால் போதும் என்று விளக்கினேன். கொடு என்று கெஞ்சினேன் என்றே எழுதலாம். பார்க்கிறேன் என்றான்.

கார்த்திகை மாதக் கடைசியில் மதுராந்தகத்தில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் பெரியப்பாக்கள், அத்தைகள் எல்லாம் உட்கார்ந்திருக்க, அண்ணன் இலையிலிருந்து தலையைத் தூக்கி அறிவித்தான். "இந்தப் பொங்கலுக்கு என் தங்கச்சிக்கு சீரு, என் கம்ப்யூட்டருதான்."

பொங்கல் சீர் என்பது கட்டிக்கொடுத்த தங்கைக்கு அண்ணன் கொண்டுபோய்க் கொடுப்பது. திரும்பி வந்தவளுக்கு எவனும் கொடுப்பதில்லை. ஒரு அத்தை அதை மனதில் வைத்துக்கொள்ளவும் இல்லை. "வூட்டோட கீறவளுக்கு இன்னாடா சீரு?" என்று பாயசத்தை உறிஞ்சினாள். அண்ணன் விடவில்லை. "என் தங்கச்சிக்கு நான் செய்யாம எவன் செய்வான்?" என்றான். பந்தியே அவனை மெச்சியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இன்றைக்கும் அந்தக் கண்ணீரை நினைத்தால்தான் எனக்கு அதிகமாக எரிச்சல் வருகிறது.

போகி வந்தது. அன்றைக்குப் பழசை எல்லாம் கழித்துவிட வேண்டும். என் பழைய மெஷினின் ஹார்டு டிஸ்கை மட்டும் கழற்றி எடுத்துவிட்டு, மிச்சத்தை நானே தூக்கிக்கொண்டுபோய்த் தெருவில் வந்த பழைய இரும்புக்காரனின் வண்டியில் வைத்தேன். அம்மாகூடக் கேட்டாள், "அது வர்ற வரிக்கும் இருக்கட்டுமேடி" என்று. போகியன்று வீட்டில் பழசு இருந்தால் புதுசு எப்படி வரும் என்று அவளுக்கே நான் சாஸ்திரம் சொன்னேன். ஆசை வந்தால் எல்லோரும் சாஸ்திரி ஆகிவிடுகிறோம். அன்றைக்குச் சாயங்காலம் அண்ணனின் கார் வந்தது. போகியன்று அவனும் தன் வீட்டுப் பழசைக் கழித்திருக்கிறான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அண்ணி தாம்பாளத்தோடு இறங்கினாள். கரும்பு, மஞ்சள் கொத்து, ஒரு புடவை, வாழைப்பழம். பின்னால் அண்ணன் கம்ப்யூட்டர் பெட்டியைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கி வந்தான். பொங்கல் பானைக்குக் கட்டுகிற மாதிரி அதன் கழுத்தில் மஞ்சள் கொத்து கட்டியிருந்தது. மூன்று இடத்தில் குங்குமப் பொட்டு. கருகருவென்று பளபளத்தது. பக்கத்துத் தகட்டில் ஸ்க்ரூக்கள் எல்லாம் புத்தம் புதுசு. எனக்காக ஸ்க்ரூகூட மாற்றிக் கொண்டுவந்திருக்கிறான் என்று நினைத்தேன். நான் பிறந்ததிலிருந்து அண்ணன் எனக்காக அவ்வளவு மெனக்கெட்டதே இல்லை.

உள்ளே திறந்து தூசி தட்டிவிட்டு வைக்கலாம் என்று திருப்புளியை எடுத்தேன். அம்மா கையைத் தட்டிவிட்டாள். "சீர் குட்தவன் முன்னாடியே தொறந்து நோண்டுவியா? தானம் குட்த மாட்ட பல்ல புடிச்சி பாக்கறவளா நீ?" என்றாள். அண்ணன் பெரிய மனதோடு சிரித்தான். "எல்லாம் நானே க்ளீன் பண்ணிகினு வந்துட்டேன். தொறக்காத" என்றான். திருப்புளியை எடுத்த இடத்திலேயே வைத்தேன். சீரைப் பரிசோதிப்பது எங்கள் பக்கத்தில் கொடுத்தவனைச் செருப்பால் அடிப்பதற்குச் சமம்.

பொங்கல் வைத்து முடித்ததும் சூடம் காட்டி அதை ஓடவிட்டேன். ஓடியது. முட்டுக்காட்டு பங்களா திறந்தது. வாசல், படிக்கட்டு, பால்கனி எல்லாம் கை வைத்த இடத்தில் தயங்காமல் திரும்பின. நான் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்ததாக அம்மா சொன்னாள். மறுநாள் கணு. மஞ்சள் இலையில் கலர் சாதம் பிடித்து வைத்து, காக்காயைக் கூப்பிட்டு, கூடப்பிறந்தவன் நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிற நாள். சில வருடங்களாக நான் அதைக் கடனே என்று செய்துகொண்டிருந்தேன். அந்த வருடம் மனதாரச் செய்தேன்.

காணும் பொங்கலன்று ஊரே மாமல்லபுரம் கடற்கரைக்குக் கிளம்ப, நான் வீடியோவுக்கு ரெண்டர் போட்டேன். கொஞ்ச நேரம் ஓடியது. படம் கட்டம் கட்டமாகச் சிதறியது. நின்றது. திரும்பவும் போட்டேன், திரும்பவும் நின்றது. அடுத்த நாள் பாதி படிக்கட்டு வரைக்கும் ஏறிவிட்டேன், அப்போது மீன் கருகுகிற மாதிரி ஒரு நாற்றம் வந்து மொத்தமும் அணைந்துபோனது. பவர் பட்டனை எத்தனை தடவை அழுத்தினேன் என்று எனக்கே தெரியாது.

சீராவது மண்ணாவது என்று புது ஸ்க்ரூவை எல்லாம் கழற்றினேன். உள்ளே பச்சைப் பச்சையாகப் பூத்திருந்தது. ரேம் குத்துகிற காடியில் வெள்ளைப் பொடி. கிராஃபிக்ஸ் கார்டின் பல்லெல்லாம் அரித்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு. வருடக்கணக்கில் ஏ.சி. போடாமல், கடல் காற்று ஓசிதானே என்று ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு அதை ஓட்டியிருக்கிறான். அங்கே ஜன்னல் கம்பியே பொரிந்து உதிரும். உள்ளே எப்படி இருந்தாலும் வெளியே மட்டும் பளபளப்பு.

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் செங்கல்பட்டு போனேன். ராட்டினங்கிணறு பக்கம் பழைய கம்ப்யூட்டர் வாங்கி விற்கிற கடை ஒன்று உண்டு. கடைக்காரன் வாய் கெட்டவன், ஆனால் அந்தப் பக்கத்தில் வேறு கதி இல்லை. பெட்டியை மேஜையில் வைத்ததுமே அவன் சிரித்தான்.

"இன்னாக்கா, சுத்திகினு மறுபடியும் இங்கியே வந்துட்சா?"

"மறுபடியுமா?" என்றேன்.

"கார்த்திக பொறந்த வாரம் ஒரு அண்ணாத்த கார்ல எட்தாந்தாரு. விக்கணும்னாரு. ஸ்க்ரூவ பாத்தவுடனே தெர்ஞ்சிபோச்சி, பீச்சு மாலுன்னு. துரு புட்சி கெடந்துது. கடலோர ஐட்டத்த நம்மூருல எவனும் தொடமாட்டான்க்கா. இன்னிக்கி ஓடும், நாளிக்கி பூட்டுடும். எட்துகினு போ நைனான்னு தொரத்தினேன்."

"அப்புறம்?"

"போவாம நின்னுகினு இருந்தாரு. புச்சா ஒரு செட்டு ஸ்க்ரூ போடு, பொட்டிக்கு கருப்பு ஸ்ப்ரே அடின்னாரு. அடிச்சி குட்தேன். சும்மா இருக்க முடியாம, இத்த யாரு தலையில கட்ட போறன்னு கேட்டேன். வூட்டுல ஒரு பொண்ணு கீது, அதுக்கு இது போதும்னாரு." கடைக்காரன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "அந்தப் பொண்ணு நீதானாக்கா?"

கடையில் இருந்த இன்னொருவனும் சிரித்தான். கல்யாணப் பந்தியில் சீர் அறிவித்தது கார்த்திகைக் கடைசியில். அதற்கு முன்பே இந்தக் கடையில் துரத்தப்பட்டிருக்கிறான். விலை போகாத மாட்டுக்கு மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, ஊர் மெச்ச எனக்குத் தானம் செய்திருக்கிறான். என்னிடம் நேராக வந்து, "இது உப்புப் பிடித்தது, ரொம்ப நாள் ஓடாது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் பழைய மெஷினைப் போகியில் போட்டிருக்கமாட்டேன். வேறு வழி பார்த்திருப்பேன். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். நினைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஓ.எம்.ஆர். அலுவலகத்தில் இன்னும் கொஞ்சம் நாள் கேட்டேன். அந்த அம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம். "சொந்தமா ஒரு நல்ல சிஸ்டம்கூட இல்லாம எதுக்குமா ஒத்துக்கறீங்க? வேற ஆளுக்குக் குடுத்தாச்சு" என்று சொல்லி வைத்துவிட்டார். தை பிறந்தால் வழி பிறக்கும் என்று எவன் சொன்னானோ, அவன் கையில் கிடைத்தால் நாலு கேட்க வேண்டும்.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கவேமாட்டேன். மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மறுபடியும் காரில் வந்தான். இந்தத் தடவை தாம்பாளம் இல்லை. பெரிய பெரிய அட்டைப் பெட்டிகள். இரண்டு வருடம் குறை சொல்லிச் சொல்லிக் கடைசியில் புதுசு வாங்கிவிட்டான். கண்ணாடி போட்ட பெட்டி, உள்ளே கலர் கலராக விளக்கு, செங்கல் கனத்தில் கிராஃபிக்ஸ் கார்டு. நேராக என் ரூமுக்குள் கொண்டுபோனான்.

"இங்க வெச்சிக்கிறேன். லீவு நாள்ல வந்து ஆடறேன்" என்றான்.

"ஏன், உன் வூட்டுல வெச்சிக்க வேண்டியதுதானே?"

"அங்க உப்பு காத்து. அரிச்சிடும்."

அவன் கொஞ்சமும் தயங்காமல் சொன்னான். சொன்னது என்ன என்பதுகூட அவனுக்கு உறைக்கவில்லை. "அப்ப உனுக்கு தெரியும்" என்றேன். "இன்னா தெரியும்?" என்றான். கடைக்காரன் சொன்னதை அப்படியே சொன்னேன். அவன் முகம் மாறவில்லை. "ஓசியில வந்துதானே? இன்னா குடி முழுகிப்போச்சி இப்ப?" என்றான். குடிதான் முழுகியது. அது என் குடி என்பதால் அவன் கணக்கில் வரவில்லை.

அவனிடம் இனி எதையும் கேட்கக் கூடாது என்று இருந்தவள்தான். பிழைப்பு என்று ஒன்று இருக்கிறதே, கேட்டுவிட்டேன். "நீ இல்லாத நாள்ல இதுல நான் வேலை செஞ்சிக்கிறேன். வேற ஆபீஸுலயாவது கேட்டுப் பாக்கறேன்."

"அய்யோ, ஓணாம். நீ ரெண்டர் போடுவ, சூடாவும், லைஃபு பூடும்" என்று சொல்லிவிட்டு, என் கண்ணெதிரிலேயே பாஸ்வேர்டு போட்டான்.

அம்மாவைப் பார்த்தேன். "அவன் வூடு, அவன் பொருளு. நீ இன்னாத்துக்கு போட்டிக்கு நிக்கிற?" என்றாள். அந்த ரூமில் அந்தப் பெட்டிக்கு மேஜை, எனக்குத் தரை என்று ஆகிவிட்டது.

அடுத்த வாரமே கிளம்பிவிட்டேன். செங்கல்பட்டில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை, அதற்குப் பின்னால் இன்னொரு பெண்ணோடு பங்கு போட்டு ஒரு அறை. பங்களாவெல்லாம் கிடையாது. ஆதார் கார்டு பிரிண்ட் எடுப்பதும், வில்லங்கச் சான்று போட்டுக் கொடுப்பதும்தான். ஓய்ந்த நேரத்தில் கடைக் கம்ப்யூட்டரில் சிங்கமுகத் தூண் வரைகிறேன். கருங்குழியிலிருந்து நான் எடுத்து வந்தது என் துணி, என் ஹார்டு டிஸ்க், மேஜைக்குக் கீழே கிடந்த ஸ்டெபிலைசர். அம்மா அதன்மேல் இருந்த துணியை எடுத்துக் கட்டிலில் வைத்துக்கொண்டாள், வேறொன்றும் கேட்கவில்லை. வாடகைக் கார்க்காரன்கூட, இவ்வளவு கனத்தை எதற்கு இழுத்துக்கொண்டு வருகிறாய் என்று கேட்டான். என் காசில் வாங்கியது என்றேன்.

அண்ணன் தன் புது மெஷினைச் சுவரில் இருந்த பிளக்கில் நேராகக் குத்தியிருந்தான். கிளம்புகிற அன்றைக்குப் பார்த்தேன். சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. சீர் கொடுத்தவன் பொருளை நோண்டக் கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்களே.

சித்திரை வெயிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மாவிடமிருந்து போன். "தோட்டத்துல மோட்டாரெல்லாம் ஒண்ணா நின்னுச்சிடி. பட்டுன்னு ஒரு சத்தம். டியூப் லைட்டும் போச்சி, அவன் பொட்டியிலேர்ந்து பொகையும் வந்துச்சி." போனை அண்ணன் பிடுங்கிக்கொண்டான். அவன் குரல் உடைந்திருந்தது, ஆடிக்கொண்டிருந்தவனின் கையிலேயே செத்திருக்கிறது.

"இங்க கரண்ட் இப்டி எகிறும்னு உனுக்கு தெரியும் இல்ல? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல?"

"நீ சொன்னியா?" என்றேன்.

அவன் வைத்துவிட்டான். அன்றைக்கு நான் ஜெராக்ஸ் கடையில் இரண்டு டீ குடித்தேன். எனக்கு நல்ல பசி எடுத்தது. மனசு உறுத்தியதா என்று என் கூட இருக்கிற பெண் கேட்டாள். இல்லை. சந்தோஷமாக இருந்தது, அவ்வளவுதான். என் முட்டுக்காட்டு பங்களா அதனால் திரும்பி வந்துவிடவில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

நான் இப்போது சொந்தமாக ஒன்று சேர்த்துக்கொண்டிருக்கிறேன். முதலில் வெறும் பெட்டி வாங்கினேன், பிறகு பவர் சப்ளை. ரேம் விலை இன்னும் இறங்கவில்லை. அடுத்த சீரிஸ் வருகிறதாம், அது வந்தால் இறங்கும் என்று ராட்டினங்கிணறு கடைக்காரன் சொல்கிறான். நான் அவனிடம், வாயை மூடிக்கொண்டு இன்றைக்கு என்ன விலை என்று மட்டும் சொல் என்றேன்.

போன வாரம் அம்மா மறுபடியும் கூப்பிட்டாள். சுற்றி வளைத்துப் பேசினாள், சாப்பிட்டாயா, இளைத்துவிட்டாயா என்றெல்லாம். பிறகு விஷயத்துக்கு வந்தாள்.

"அண்ணன் அந்த எரிஞ்சிபோனத அங்க இங்க கொண்டும்போய் காட்டுனானாம். எவனும் வாங்க மாட்டேன்றானாம். அதுல பாதி நல்லாத்தான் கீதாம். உனுக்கு ஆவுமான்னு கேக்கச் சொன்னான். வர்ற பொங்கலுக்கு சீரா குட்துடறேன்றான்."

அவள் குரலில் கிண்டல் ஏதும் இல்லை. மகன் மறுபடியும் பெரிய மனது பண்ணுகிறான் என்ற பெருமைதான் இருந்தது.

"குடுக்கச் சொல்லு" என்றேன். "புது ஸ்க்ரூ போட மறந்துடப் போறான்."